குழந்தை பால் குடிப்பதைப் பார்க்காமலே பணம் வாங்கும் தாய்ப்பால் ஆலோசகர்கள், ஜாக்கிரதை

புதிதாகக் குழந்தை பெற்றவர்களும் பெறப்போகிறவர்களும் இதைப் படித்துவிட்டு அப்புறம் யாருக்கு வேண்டுமானாலும் பணம் கட்டுங்கள். தாய்ப்பால் ஆலோசகர் என்று சொல்லிக்கொண்ட ஒருவரிடம் முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்டிய பிறகு எங்களுக்குக் கிடைத்தது இதுதான்.

காம்பு வெடித்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. குழந்தை வாய் வைத்தாலே உயிர் போகிற வலி, அவளோ மார்பிலேயே தூங்கிப்போய், படுக்க வைத்ததும் வீறிட்டு அழுவாள். வீடியோ காலில் வந்தவர் கேட்டது ஒரே கேள்விதான்: "பம்ப் வைத்தால் எவ்வளவு வருது?" பாட்டிலைக் காட்டினேன். "இவ்வளவுதானா? உங்களுக்குப் பாலே போதாது" என்று சொல்லிவிட்டு, அவரே விற்கும் பால் சுரக்கும் பவுடர், காம்பில் மாட்டும் சிலிகான் உறை, அடுத்த பேக்கேஜ் என்று வரிசையாக லிங்க் அனுப்பினார். அவள் எப்படிக் குடிக்கிறாள் என்று பாருங்களேன் என்றதற்கு, அது அடுத்த செஷனில் என்றார். வலியைச் சொன்னால், முதலில் எல்லாருக்கும் அப்படித்தானாம். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் பிளாக் செய்துவிட்டார்.

பம்பில் வருவதை மட்டும் வைத்துப் பால் போதாது என்று யாரும் முடிவு கட்ட முடியாது. சரியாகக் கவ்விக் குடிக்கும் குழந்தை பம்பை விட நன்றாகவே பாலை இழுக்கும். பார்க்க வேண்டியது எடையையும் டயப்பரையும்தான். ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு 6 டயப்பராவது நனைய வேண்டும், பிறந்ததும் குறைந்த எடை பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் திரும்பிவிடும். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் கேட்பது பச்சைக் குழந்தைக்கு இயல்பு, அதைப் பால் பற்றவில்லை என்று சொல்லிப் பயமுறுத்துகிறவர்களை நம்பாதீர்கள்.

அப்புறம் பார்த்த செவிலியர் அவள் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வாயிலிருந்து வெளியே வந்த காம்பு லிப்ஸ்டிக் முனை மாதிரி ஒரு பக்கம் சப்பையாகச் சாய்ந்திருந்ததைக் காட்டி, காம்பை மட்டும்தான் கவ்வுகிறாள் என்றார். வயிறு என் உடம்போடு ஒட்டி, மூக்கு காம்புக்கு நேராக இருக்கும்படி பிடிக்கச் சொன்னார். வாயை அகலமாகத் திறக்கும்வரை காத்திருந்து, முகவாய் முதலில் படுகிற மாதிரி சட்டென்று சேர்த்தார். அன்றைக்குத்தான் அவள் விழுங்கும் சத்தத்தை முதல்முறையாகக் கேட்டேன், எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆகவே, முதல் சந்திப்பிலேயே குழந்தை குடிப்பதை முழுசாகப் பார்ப்பீர்களா, எடையைக் கேட்பீர்களா, வாய்க்குள் நாக்கைப் பார்ப்பீர்களா என்று பணம் கட்டும் முன் கேளுங்கள். பெயருக்குப் பின்னால் ஐபிசிஎல்சி (IBCLC, தாய்ப்பால் ஆலோசகர்களுக்கான சர்வதேசச் சான்றிதழ்) என்று போட்டிருந்தால் அந்தச் சான்றிதழை 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அது நடப்பில் இருக்கிறதா என்று வழங்கும் அமைப்பின் இணையதளத்திலேயே பார்க்கலாம். ஆலோசனை சொல்கிறவரே பவுடரும் விற்றால் விலகிவிடுங்கள்.

மார்பு சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தாலோ, குழந்தை பால் குடிக்கக்கூட எழாமல் துவண்டு கிடந்தாலோ, டயப்பர் நனையாவிட்டாலோ எந்த செஷனுக்கும் காத்திருக்காதீர்கள், உடனே டாக்டரிடம் போங்கள்.