ஒரே கம்ப்ரசருக்கு மூன்று தடவை கேஸ் பில்: ஏர்கான் சர்வீஸுக்கு ஆள் கூப்பிடுகிறவர்கள் கவனிக்கவும்

ஏர்கானில் கேஸ், அதாவது குளிரூட்டும் வாயு, இறங்கிவிட்டது என்று யாராவது சொன்னால் உடனே காசை எடுத்து நீட்டாதீர்கள். போன சித்திரையில் சிங்கப்பூரில் எங்கள் ஈசூன் வீட்டில் என் மாமியாரிடம் இப்படிச் சொல்லித்தான் 523 வெள்ளி (டாலர்) 20 காசு வாங்கிக்கொண்டு போனார்கள்.

நாங்கள் இருப்பது நாலறை வீவக வீடு, அரசாங்க அடுக்குமாடி வீடு. சிஸ்டம் 3 ஏர்கான், அதாவது வெளிச்சுவரை ஒட்டிய லெட்ஜ் என்ற திட்டில் ஒரு கம்ப்ரசர், உள்ளே அறைக்கு ஒன்றாக மூன்று யூனிட். அத்தையின் அறையில் மட்டும் இரண்டு வாரமாகக் குளிர் ஏறவில்லை, மற்ற இரண்டும் நன்றாகவே ஓடின. கதவிடுக்கில் செருகியிருந்த ஒரு துண்டுச்சீட்டில் மூன்று யூனிட் சர்வீஸ் 60 வெள்ளி என்று போட்டிருந்ததைப் பார்த்து வாட்ஸ்அப்பில் நேரம் குறித்தேன். அன்றைக்கு நானும் கணவரும் வேலைக்குப் போய்விட்டோம், வீட்டில் அத்தை மட்டும்.

வந்தது இரண்டு பேர், அதில் ஒருவர் தமிழர். "அம்மா, கேஸ் சுத்தமா இறங்கிடுச்சும்மா, இப்படியே ஓட்டினா கம்ப்ரசர் போயிடும், புதுசு போட மூவாயிரம் ஆகும்" என்றிருக்கிறார். அத்தை பயந்துபோய் எனக்கு இரண்டு முறை போன் போட்டார்கள், நான் மீட்டிங்கில் இருந்ததால் எடுக்க முடியவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு, பீரோவில் வைத்திருந்த ரொக்கத்தை எண்ணிக் கொடுத்துவிட்டார்கள். "நம்ம பிள்ளை, தமிழ்ல அவ்வளவு மரியாதையாப் பேசுச்சும்மா" என்று சாயங்காலம் என்னிடம் சொன்னபோது எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

கையால் எழுதிய பில். கேஸ் மூன்று யூனிட், 90 வீதம் 270. கெமிக்கல் வாஷ் மூன்று யூனிட், 70 வீதம் 210. அதற்கு மேல் ஜிஎஸ்டி 9 சதவீதம், 43.20.

முதலில் அந்தக் கேஸ் கணக்கைப் பாருங்கள். சிஸ்டம் 3-இல் மூன்று அறைக்கும் சுற்றி வருவது ஒரே கேஸ்தான், எல்லாம் அந்த ஒரே கம்ப்ரசர் வழியாகத்தான் போய் வருகிறது. அறைக்கு அறை தனியாக நிரப்புவது என்று ஒன்று கிடையாது. அப்புறம், இது கார் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்கிற சமாசாரமும் இல்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றுவது, குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவைத் தேடாமல் கேஸ் ஊற்றுகிறேன் என்பவர் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றக் காசு கேட்கிறார். நிஜமாகவே கேஸ் குறைந்திருந்தால் பெரும்பாலும் மூன்று அறையிலும் குளிர் குறைந்திருக்கும். எங்களுக்கு ஒரு அறையில் மட்டும்தான் பிரச்சினை. இது அன்றைக்கே எனக்குத் தெரிந்திருந்தால்!

கெமிக்கல் வாஷ் இன்னும் மோசம். முறையாகச் செய்தால் மூடியைக் கழற்றி, தண்ணீர்த் தட்டையும் உருளை விசிறியையும் வெளியே எடுத்து, கீழே பெரிய பை கட்டி, காயில் என்கிற குளிர்க் குழாய்ச் சுருளில் மருந்தடித்துக் கழுவ வேண்டும். கறுப்புத் தண்ணீர் வாளி வாளியாக வரும். இவர்கள் மூன்று யூனிட்டையும் முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். எங்கே வைத்துக் கழுவினார்கள் என்று அத்தையிடம் கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, குளியலறைத் தரை நனையவே இல்லையேம்மா என்றார்கள்.

மூன்றாம் நாள் ராத்திரி வெளியே கம்ப்ரசர் உறுமிவிட்டுப் பத்து நிமிடத்தில் நின்றுபோனது. இப்போது மூன்று அறையிலும் புழுக்கம். அவர்களுக்கு வாட்ஸ்அப் அனுப்பினால் நீல டிக் மட்டும் வருகிறது, பதில் இல்லை.

கணவரின் நண்பர் சொல்லி வேறொரு டெக்னீஷியன் வந்தார். முதலில் லெட்ஜில் இருக்கும் கம்ப்ரசரின் தகட்டைக் காட்டினார். எந்தக் கேஸ், எத்தனை கிலோ என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது, எங்களுடையது ஆர்-32. உள்ளே இருந்ததை வெளியே இழுத்துத் தராசில் வைத்தால் தகட்டில் உள்ள அளவைவிட அதிகம்! குறையாத சிஸ்டத்தில் நிறுக்காமல் மேலும் ஊற்றியிருக்கிறார்கள், அழுத்தம் ஏறி கம்ப்ரசர் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டிருக்கிறது. ஆர்-32 ஓரளவு தீப்பிடிக்கக்கூடிய கேஸ் என்றும் அவர் சொன்னார், அத்தை தனியாக இருந்த வீடு என்று நினைத்தாலே பதறுகிறது. நைட்ரஜன் அடித்துக் கசிவு பார்த்தார், இல்லை. வேக்யூம் போட்டு, அதாவது குழாய்க்குள் இருப்பதை உறிஞ்சி வெறுமையாக்கி, தகட்டில் உள்ள அளவுக்கு நிறுத்து ஏற்றினார்.

அப்புறம் அத்தை அறை யூனிட்டைக் கழற்றினார். உருளை விசிறியின் இடுக்குகளில் கருமை அப்பிக் கிடந்தது, தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. அத்தை தினமும் அந்த அறையில்தான் ஊதுபத்தி ஏற்றி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவார்கள். வருஷக்கணக்கான அந்தப் புகையும் தூசியும் சேர்ந்து காற்றை அடைத்திருக்கிறது. கழுவியதும் பத்தே நிமிடத்தில் குளிர். அதாவது தேவைப்பட்டது ஒரே ஒரு யூனிட்டுக்கு ஒழுங்கான வாஷ், அவ்வளவுதான்.

ஜிஎஸ்டி விஷயத்தையும் தேடிப் பார்த்தேன். பதிவு செய்த நிறுவனம் மட்டும்தான் அதை வாங்கலாம். உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் இணையத்தளத்தில் பெயரைப் போட்டால் தெரிந்துவிடும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பில்லில் குத்தியிருந்த முத்திரைப் பெயரைப் போட்டேன், அப்படி ஒரு பதிவே இல்லை. அந்த 43 வெள்ளி வரியே இல்லை, அதுவும் அவர்கள் பைக்குத்தான்.

பில், வாட்ஸ்அப் பேச்சு, தராசின் படம் எல்லாவற்றையும் வைத்து சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் ஆன்லைனில் மனுப் போட்டிருக்கிறேன். 20,000 வெள்ளி வரை கேட்கலாம், சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், வக்கீல் கிடையாது, என் தொகைக்குக் கட்டணம் 10 வெள்ளி. ஈசூன் பக்கம் இதே மாதிரி மூன்று யூனிட்டுக்குக் கேஸ் பில் வாங்கியவர்கள் இருந்தால், அந்தப் பில்லைத் தூக்கிப் போடாமல் எனக்கு ஒரு மெசேஜ் அனுப்புங்கள்.