வினையடை: விகுதியா, கேள்வியா, நடிப்பா?

மாலையில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் படிக்க வருகிறார்கள். வினை எப்படி நடந்தது என்பது போன்றவற்றைச் சொல்லும் சொல்லான வினையடையை மூன்று விதமாக அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துப் பார்த்துவிட்டேன்.

முதலாவது, ‘ஆக’ என்று முடிந்தால் வினையடை என்கிற வழி. ‘வேகமான’ பெயரை விளக்கும் பெயரடை, ‘வேகமாக’ வினையடை என்று ஜோடி போட்டுக் காட்டினால் பத்தே நிமிடத்தில் பிடிபட்டுவிடும். தேர்வுக்கும் உதவும். ஆனால், “அம்மா எனக்காக வாங்கினாள், நான் மெல்லச் சிரித்தேன்” என்று எழுதிப்போட்டேன். ஒரு சிறுமி ‘எனக்காக’வை அடிக்கோடிட்டாள், ‘மெல்ல’வை விட்டுவிட்டாள். சொல்லின் வாலையே பார்த்துப் பழகிய கண் வினையைப் பார்ப்பதில்லை. மெல்ல, உரக்க, அடிக்கடி, சட்டென்று என எத்தனையோ சொற்களில் அந்த வால் கிடையாது.

இரண்டாவது, கேள்வி. முதலில் வினையைக் கண்டுபிடித்து வட்டம் போடு, அப்புறம் அதனிடம் ‘எப்படி?’ என்று கேள். சிரித்தாள், எப்படிச் சிரித்தாள்? மெல்ல. இதில் வினைதான் முதலில் கண்ணில் படுகிறது, அதனால் எனக்கு இது பிடிக்கும். சிக்கலும் உண்டு. “எப்படி வந்தான்?” என்றால் “பஸ்ல வந்தான்” என்பார்கள். கையால் தொடக்கூடிய பொருள் பதிலில் வந்தால் தள்ளிவை என்று சொல்லிவைத்தேன். இந்த வயதுக்கு அது போதுமானதாக இருக்கிறது. ‘எப்போது?’, ‘எங்கே?’ என்கிற கேள்விகளை மறுவாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, நடிப்பு. “கதவைத் திற” என்பது ஒரே வினை. ஒருவன் மெதுவாகத் திறக்கிறான், இன்னொருத்தி படாரென்று திறக்கிறாள், மூன்றாமவன் திருட்டுத்தனமாகத் திறக்கிறான். பார்ப்பவர்கள் கண்டுபிடித்து முழு வாக்கியமாக எழுத வேண்டும். இங்கேதான் பிள்ளைகள் வீட்டிலிருந்தே கொண்டுவரும் சொற்கள் வெளியே வந்தன: மடமடவென்று குடித்தான், கடகடவென்று ஒப்பித்தாள், வெடுக்கென்று பிடுங்கினான். ‘மடமட’வை ‘மட’ என்று பிரித்தால் பொருள் போய்விடும் என்று காட்டி, இரட்டைக்கிளவியையும் அன்றைக்கே சொல்லிவிட்டேன். ஒரு மணி நேரம் பிடிக்கும், சத்தமும் அதிகம். நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஒரு வரிசை நடிக்க, மற்றவர்கள் எழுதலாம். ‘நேர்மையாக’, ‘அடிக்கடி’ போன்றவற்றை நடித்துக் காட்டுவது கடினம், அவற்றுக்குக் கேள்விதான் சரி.

எனவே நடிப்பில் தொடங்கி, கேள்விக்குப் போவதே என் தேர்வு. ‘ஆக’ விதியைக் கடைசியில், பிழையில்லாமல் எழுதுவதற்காகச் சொல்லிக்கொடுங்கள்: நன்றாகப் படித்தான், வேகமாகச் சென்றான். ‘ஆக’வை அடுத்துக் க, ச, த, ப வரிசை எழுத்து வந்தால் ஒற்று மிகும். விகுதியைத் தெரிந்துகொள்வதன் உண்மையான பயன் அங்கேதான். ‘மெல்ல’ போன்றவற்றைக் குறிப்பு வினையெச்சம் என்று பெரிய வகுப்பில் படிப்பார்கள், இப்போதே அந்தப் பெயரைச் சொல்லிக் குழப்ப வேண்டாம்.

முன்பெல்லாம் “மழை வேகமாகப் பெய்தது” என்றே எழுதிக்கொண்டிருந்த ஒரு பையன், போன வாரம் இப்படி எழுதியிருந்தான்: “மழை சோவென்று பெய்தது. நான் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.” ‘சோவென்று’வின் கீழே கோடு போட்டவன், பென்சிலை ‘சும்மா’ மேல் வைத்துக்கொண்டு கேட்டான்: “மிஸ், இதுவும் அதுதானே?”