அம்மாவின் கல்வெட்டுக்குப் பின்னால் இன்னொரு பெயர்: பள்ளிக்குப் பெரிய நன்கொடை கொடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

சொந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் கட்டிக் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறீர்களா? பணத்தை அனுப்புவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். என் 32 லட்ச ரூபாய் போன கதை இது. பள்ளியின் பெயரைச் சொல்லவில்லை. விஷயம் வக்கீல் கையில் இருக்கிறது, அங்கே இன்னும் பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அம்மா 2021-இல் காலமானார். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர். அந்தக் குறையைக் கடைசி வரை சொல்லிக்கொண்டே இருந்தார். தூத்துக்குடிப் பக்கம் இருந்த வீட்டை விற்றபோது, என் பங்கை அவர் பெயரில் பிள்ளைகள் படிப்புக்குக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். நான் படித்த தனியார் பள்ளிக்கு 22 லட்சத்தில் இரண்டு வகுப்பறை. மீதி 10 லட்சத்தை வங்கியில் போட்டு, அசலைத் தொடாமல், வருகிற வட்டியில் வருஷத்துக்கு இரண்டு பெண் பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்ட வேண்டும். பேச்சு அவ்வளவுதான்.

பேச்சு மட்டும்தான் என்பதே என் முதல் தப்பு.

தாளாளர் எனக்கு மூன்று வருஷம் ஜூனியர், எங்கள் பழைய ஹெட்மாஸ்டரின் மகன். தோஹாவில் இருந்த எனக்கு வாரம் ஒருமுறை போன் பண்ணுவார். கும்பகோணம் தீ விபத்தைத் தவறாமல் இழுப்பார். 2004-இல் 94 குழந்தைகள் கருகிப்போன அந்தச் சம்பவத்தை யாரிடம் சொன்னாலும் கண் கலங்கும். "நல்ல கட்டடம் இல்லாம பிள்ளைகள உக்கார வைக்கிற பாவம் நமக்கு எதுக்கு அண்ணாச்சி?" என்பார். ஒப்பந்தம் மாதிரி ஒன்று எழுதிக்கொள்ளலாமா என்று நான் தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு, "நமக்குள்ள என்ன அண்ணாச்சி பேப்பரு? அப்பா கிட்ட படிச்சவங்க நீங்க" என்றார். வெட்கமாகப் போய்விட்டது. 2022 நவம்பரில் மொத்தத்தையும் ஒரே தவணையில் அனுப்பினேன். என் சொந்த வீட்டைக் கட்டும்போது மேஸ்திரிக்கு பேஸ்மென்ட், லிண்டல், ரூஃப் என்று பிரித்துப் பிரித்துக் கொடுத்தவன்தான் நான்!

எங்கள் வீட்டில் தப்பித்தது தங்கை பங்கு மட்டும். அவள் அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவள். இங்கே வீடு விற்று ரூபாயாக வந்த பணமாக இருந்தாலும், கொடுப்பவர் வெளிநாட்டுக் குடிமகள் என்றால் அது வெளிநாட்டு நன்கொடைதான் என்று அவளுடைய ஆடிட்டர் சொல்லிவிட்டார். வாங்கும் பள்ளிக்கு அதற்கான மத்திய அரசுப் பதிவு இருக்க வேண்டும், பணமும் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் நாடாளுமன்றத் தெருக் கிளையில் அந்தப் பள்ளிக்கு உள்ள கணக்கு வழியாகத்தான் வர வேண்டும். இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் எனக்கு, சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுக்க அந்தத் தடை இல்லை. தாளாளர் என்ன சொன்னார் தெரியுமா? "தங்கச்சி பணத்த உங்க கணக்குல போட்டு, உங்க பேர்லயே அனுப்பிருங்க." அவள் முடியாது என்று சொல்லிவிட்டாள். நான் அவளைக் கஞ்சப்பிசினாறி என்று திட்டினேன்.

ரசீது வந்தது. சிவப்பு முத்திரை, பச்சை மை கையெழுத்து எல்லாம் இருந்தது. தொகைக்கு எதிரே இரண்டே சொல்: "பொது நன்கொடை". நான் அதைக் கவனிக்கவே இல்லை. அந்த இரண்டு சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று இப்போது தெரியும். கொடுப்பவர் "இது மூலநிதிக்கு", அதாவது அசலைத் தொடாமல் வைக்கும் நிதிக்கு, என்று தெளிவாகக் குறிப்பிட்டுச் சொன்னால்தான் வருமான வரிச் சட்டம் அதை மூலநிதியாகப் பார்க்கும். 2021 ஏப்ரலுக்குப் பிறகு அந்தப் பணத்தைத் தனியாக, சட்டம் அனுமதிக்கும் முதலீட்டில் போட்டுக் காட்டவும் வேண்டும். பொது நன்கொடைக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. சம்பளம் கொடுக்கலாம், பஸ்ஸுக்கு டீசல் போடலாம்.

அப்புறம் வரிச் சான்றிதழ். அப்போதைய விதிப்படி, 80ஜி பதிவு (நன்கொடை கொடுப்பவருக்கு வரிச் சலுகை கிடைக்க வைக்கும் பதிவு) உள்ள நிறுவனம், அந்த நிதியாண்டில் யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியலை மே 31-க்குள் வருமான வரித் துறைக்கு ஏற்ற வேண்டும். ஏற்றினால்தான் நமக்கு 10பிஇ என்ற சான்றிதழ் உருவாகும். தாமதத்துக்கு ஒரு நாளைக்கு 200 ரூபாய் கட்டணமும் உண்டு. 2023 மே போனது, ஜூன் போனது, எனக்கு எதுவும் வரவில்லை. வரிக்கழிவுக்காக நான் கொடுக்கவில்லை, அதனால் விட்டுவிட்டேன். என் பெயர் பட்டியலிலேயே இல்லை என்றால், அந்தப் பணம் எந்தக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது என்ற கேள்வி அப்போதே வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அதே ஜூனில் வீடியோ காலில் திறப்பு விழா. கோலம், ரிப்பன், குத்துவிளக்கு. கறுப்பு கிரானைட்டில் அம்மா பெயர். நான் அழுதேன்.

2024 மே மாதம், சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போனேன். கோடை விடுமுறை. பள்ளியில் வாட்ச்மேன் தாத்தாவும் இரண்டு நாய்களும்தான். தரையில் டைல்ஸ் புதுசு, சுவரில் பெயின்ட் புதுசு. ஆனால் ஜன்னல் கம்பி அடியில் துரு உரிந்து தொங்கியது. ஒரு வருஷத்துக் கட்டடத்தில் அப்படித் துரு வராது. கல்வெட்டுக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். நான்கு மூலையிலும் பித்தளைத் தலை வைத்த ஸ்க்ரூ. ஒரு மூலையில் ஸ்க்ரூ கழன்று கிரானைட் விரல் கனத்துக்கு முன்னே வந்திருந்தது. இடுக்கில் சிமென்டில் செதுக்கிய எழுத்து தெரிந்தது: "...னைவாக". கீழே "2005".

தாத்தா தன் பேனா டார்ச்சை அடித்துக் காட்டினார். "கீழ இருக்கது பழைய கல்லு சார். கூரைய எடுக்கச் சொன்னாங்கள்ல, அப்பக் கட்டுனது."

கும்பகோணத்துக்குப் பிறகு பள்ளிகளில் ஓலைக் கூரையை எடுக்கச் சொன்னபோது யாரோ ஒரு புண்ணியவான் கட்டிக் கொடுத்த அறைகள் அவை. எனக்கு வாட்ஸப்பில் வந்த கம்பி கட்டும் படம், சென்ட்ரிங் படம் எல்லாம் எந்தக் கட்டடத்தினுடையவோ.

மறுநாள் செய்த வேலையை நான் 2022-லேயே செய்திருக்கலாம். பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்த்தேன். அந்த அறைகள் நிற்கும் இடம் டிரஸ்டின் பெயரிலேயே இல்லை, தாளாளரின் மனைவி பெயரில் இருக்கிறது. 2019-இல் வங்கியில் அடமானமும் வைத்திருக்கிறார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் டிரஸ்ட் பத்திரத்தின் நகல் வாங்கினால், அறங்காவலர்கள் நான்கு பேர்: அவர், மனைவி, மைத்துனர், இறந்துபோன ஹெட்மாஸ்டர். தாசில்தார் தரும் பொதுக்கட்டட உரிமத்தின் நகலைக் கேட்டிருந்தால், புது வகுப்பறை எதுவும் சேரவில்லை என்பதும் தெரிந்திருக்கும். சில நூறு ரூபாய் செலவு, இரண்டு நாள் அலைச்சல்.

நேரில் கேட்டதற்கு, "ரெனவேஷனும் கட்டடம்தானே அண்ணாச்சி" என்றார் தாளாளர். 10 லட்சம்? "கொரோனாவுல ஃபீஸ் வரல, வாத்தியாருங்க சம்பளத்துக்குப் போச்சு." நான் கொடுத்தது 2022 நவம்பரில்.

போலீஸ் ஸ்டேஷனில் ரசீதைப் பார்த்துவிட்டு, "பொது நன்கொடைன்னுதானே போட்டிருக்கு" என்றார்கள். வக்கீல் வேறு வழி சொன்னார். பொது அறக்கட்டளையின் சொத்து வீணானால், உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92-ஆவது பிரிவின் கீழ், அதில் அக்கறையுள்ள இரண்டு பேராவது சேர்ந்து, நீதிமன்ற அனுமதியோடு வழக்குப் போடலாமாம். எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே பச்சையப்ப முதலியார் கதையைச் சொன்னார். 1794-இல் இறந்தவர் உயிலில் தர்மத்துக்கு எழுதிவைத்த பணம் வழக்கு வழக்காக இழுத்து, கோர்ட் தலையிட்டு, மிஞ்சியதில் பள்ளிக்கூடம் திறந்தது 1842-இல். உயில் எழுதி வைத்தவருக்கே 48 வருஷம்!

அந்த இரண்டாவது ஆளைத் தேடித்தான் சிமென்ட் கல்வெட்டுக்காரரைக் கண்டுபிடித்தேன். மும்பையில் மளிகைக்கடை வைத்திருந்து ஊர் திரும்பியவர், 78 வயது. வீட்டுக்குப் போனதும் மோர் கொடுத்தார்கள். பீரோவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்தார். 2005-ஆம் வருஷ ரசீது, மூன்றரை லட்சம். அதே சிவப்பு முத்திரை. தொகைக்கு எதிரே அதே இரண்டு சொல்.

என் போனில் இருந்த கிரானைட் படத்தைப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தார். அவருடைய கல்லில் இருப்பது இளவயதில் இறந்துபோன அவர் மகளின் பெயர். வக்கீல் கொடுத்த வக்காலத்துத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்:

"ஜெயிச்சா உங்க அம்மா கல்ல எடுத்துறாதீங்க. கொஞ்சம் தள்ளி வையுங்க, போதும்."