மதுரை – மேலூர் தினப் பயணத்துக்கு செலேரியோ ஏஜிஎஸ்: என் அனுபவம்

மாருதி சுசூகி செலேரியோ கார், விஎக்ஸ்ஐ மாடல், ஏஜிஎஸ் என்ற ஆட்டோமேட்டிக் கியர், பெட்ரோல். 2023 கடைசியில் வாங்கினேன். மதுரை எல்லீஸ் நகரில் வீடு, மேலூரில் பள்ளிக்கூட வேலை. போக வர அறுபது கிலோமீட்டருக்கு மேல் வரும். பெரியார் பஸ் ஸ்டாண்டு, சிம்மக்கல், ஏ.வி. பாலம், கோரிப்பாளையம், மாட்டுத்தாவணி என்று ஊருக்குள் ஊர்ந்துபோவதிலேயே பாதி நேரம் போய்விடும். ஒத்தக்கடையில் ஆனைமலையைத் தாண்டிவிட்டால் நாலு வழிச் சாலை, அப்புறம் மேலூர் வரை ஒரே ஓட்டம்தான்.

கார் விமர்சனம் என்றாலே குதிரைத்திறன், டச் ஸ்கிரீன், சன்ரூஃப் என்று போகிறார்கள். தினமும் வேலைக்குப் போக ஒரு வண்டி வேண்டும் என்பவருக்கு அதெல்லாம் அடுத்த கதை. மாதம் எவ்வளவு செலவாகிறது, சாயங்காலம் வீட்டுக்கு வந்து இறங்கும்போது உடம்பில் எவ்வளவு தெம்பு மிச்சம் இருக்கிறது, இந்த இரண்டும்தான் கணக்கு. முதலாவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இரண்டாவதைப் பற்றி யாரும் சொல்வதில்லை, அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஏஜிஎஸ் என்பது மாருதி வைத்த பெயர். பொதுவாக ஏஎம்டி என்பார்கள். உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸும் கிளட்சும்தான். கிளட்சை மிதிக்கும் வேலையையும் கியர் மாற்றும் வேலையையும் நமக்குப் பதிலாக ஒரு கருவி செய்கிறது. 2014இல் முதல் செலேரியோ வந்தபோதுதான் இந்தியாவில் சின்ன காருக்கு இந்த வகை கியர் வந்தது. அதற்கு முன் ஆட்டோமேட்டிக் என்றால் விலையும் கூட, பெட்ரோலும் கூட. அந்த நினைப்பு இன்னும் போகவில்லை. பங்கில் பெட்ரோல் போடும் தம்பி இப்போதும் கேட்பார், "ஆட்டோமேட்டிக்கா டீச்சர்? மைலேஜ் கொடுக்காதே!" கொடுக்கிறது. உள்ளே இருப்பது மேனுவல் கியர் என்பதால் பழைய ஆட்டோமேட்டிக் போல எண்ணெயைக் குடிக்காது.

எனக்கு இடது முழங்காலில் தேய்மானம். எல்லீஸ் நகர் மேம்பாலத்தில் காலை எட்டு மணிக்கு ஏறினால், முன்னால் ஷேர் ஆட்டோ, பக்கத்தில் பள்ளி வேன், பின்னால் டவுன் பஸ். பத்தடி நகரும், நிற்கும். மேனுவல் வண்டியில் அந்த ஒரு பாலத்துக்கே இடது கால் கிளட்சிலிருந்து எழுந்து எழுந்து உட்காரும். இதில் இடது காலுக்கு வேலையே கிடையாது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் சமதளத்தில் வண்டி தானே மெதுவாக நகரும், ஆக்ஸிலேட்டரைத் தொடவே வேண்டாம். ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது ஹில் ஹோல்டு சில நொடிகள் வண்டியைப் பின்னால் உருளாமல் பிடித்துக்கொள்கிறது. அந்தச் சில நொடிக்குள் ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது: ஏற்றத்தில் பிரேக் போடாமல் ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தபடி வண்டியை நிறுத்தி வைப்பது. கிளட்ச் அங்கேதான் தேயும். ஆட்டோமேட்டிக்தானே என்று பலர் அப்படி நிற்பதைப் பார்க்கிறேன், பார்க்கும்போதே மனசு பதறும்.

குறை இல்லாமல் இல்லை. முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கும், இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கும் மாறும்போது வண்டி ஒரு கணம் தயங்கும், தலை லேசாக முன்னால் ஆடும். சத்தத்தைக் கேட்டு, கியர் மாறப்போகிறது என்று தெரிந்ததும் ஆக்ஸிலேட்டரில் காலைச் சற்றுத் தளர்த்தினால் அந்த ஆட்டம் முக்கால்வாசி போய்விடும். இது கொஞ்ச நாளில் காலுக்குப் பழகிவிடுகிறது. ஹைவேயில் லாரியை முந்தும்போது மட்டும் இந்தத் தயக்கத்தை மறக்கக் கூடாது. முந்துவதற்கு முன்பே லீவரை எம் (மேனுவல், நாமே கியர் மாற்றும் நிலை) பக்கம் தள்ளி, ஒரு கியர் குறைத்துக்கொண்டு ஏறினால் வண்டி உடனே இழுக்கிறது. 998 சிசி, மூன்று சிலிண்டர், 67 பிஎஸ் குதிரைத்திறன். ஆள் ஏறி ஏசியும் ஓடும்போது இதனிடம் அதிசயம் எதிர்பார்க்க முடியாது. எண்பதில் போனால் நிம்மதியாகப் போகும், நூறில் சத்தம் போடும்.

இந்த லீவரில் பார்க்கிங் நிலை கிடையாது. ஆர் (ரிவர்ஸ்), என் (நியூட்ரல்), டி (டிரைவ்), எம், இவ்வளவுதான். சரிவில் நிறுத்தும்போது டி-யிலோ ஆர்-இலோ வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இன்ஜினை அணைக்க வேண்டும். மறுபடி கிளப்ப நியூட்ரலுக்கு வந்து பிரேக்கை மிதிக்க வேண்டும். ஷோரூமில் இதை வேகமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள், நின்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி மைலேஜ். இந்த மாடலுக்கு ஏஆர்ஏஐ என்ற வாகனச் சோதனை நிறுவனத்தின் சான்று லிட்டருக்கு 26.68 கிலோமீட்டர். அது சோதனைக் கூடத்தில், உருளைகள் மேல் வண்டியை ஓட்டி, ஏசி போடாமல், அதிகபட்சம் 90 கிலோமீட்டர் வேகத்துக்குள் எடுத்த கணக்கு. இரண்டு கார்களை ஒப்பிட அந்த எண் உதவும், நம் பர்ஸுக்கு உதவாது. எனக்கு ஊருக்குள் மட்டும் ஓட்டினால் 16, 17 கிடைக்கிறது. ஹைவே மட்டும் என்றால் 23-ஐ ஒட்டி வரும். இரண்டும் கலந்த என் பாதையில், எப்போதும் ஏசியோடு, 20-க்கும் 21-க்கும் நடுவில் நிற்கிறது. மீட்டரில் காட்டும் சராசரியை நம்ப வேண்டாம், என் வண்டியில் அது லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கூடுதலாகவே காட்டுகிறது. ஒரே பங்கில், பங்க் குழாய் தானாக முதல் முறை கட் ஆகும் வரை ஃபுல் டேங்க் போட்டு, கிலோமீட்டரைக் குறித்துவைத்து, அடுத்த ஃபுல் டேங்கில் போட்ட லிட்டரால் வகுத்துப் பாருங்கள். டேங்க் 32 லிட்டர்தான், அதனால் கணக்குப் போட அடிக்கடி வாய்ப்பு வரும்.

இப்போது பங்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் பெட்ரோலை விட லிட்டருக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு என்பதால் எந்த வண்டியிலும் மைலேஜ் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகளின் குழாய், ரப்பர் பாகங்களெல்லாம் இந்தக் கலவையைத் தாங்கும்படி வருகின்றன. செகண்ட் ஹேண்டில் சின்ன கார் தேடுகிறவர்கள் தயாரான மாதத்தை அவசியம் பாருங்கள்.

சிக்னலில் நின்றால் இன்ஜின் தானே அணைந்து, பிரேக்கை விட்டதும் கிளம்பும் வசதி இருக்கிறது. காலையில் நல்லது. ஆனால் இன்ஜின் நின்றதும் ஏசி கம்ப்ரஸரும் நிற்கும், வெறும் காற்றுதான் வரும். மதுரையில் மே மாத மத்தியானம் கோரிப்பாளையம் சிக்னலில் அது சரிப்படாது. அந்த வசதியை நிறுத்திவைக்க ஒரு பட்டன் இருக்கிறது, கோடையில் நான் வண்டியைக் கிளப்பியதும் அதை அமுக்கிவிடுவேன்.

செலவுக்கு வருகிறேன். மாதம் ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர் ஓடுகிறது. நம் ஊரில் பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டியிருக்கிறது. அப்படியானால் பெட்ரோலுக்கு மட்டும் ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு ஒட்டி, கிலோமீட்டருக்கு ஐந்து ரூபாய். மதுரைக்குள் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. அதை வைத்துப் பார்த்தால் கார் ஒருபோதும் லாபம் ஆகாது, அதை நேராகவே சொல்லிவிடுகிறேன். மாட்டுத்தாவணியில் இறங்கி, மேலூர் பஸ்ஸுக்கு நின்று, ஏறி, கடைசியில் பள்ளிக்கு நடந்து என்று போன காலத்தை விட இப்போது நாளுக்கு ஒன்றரை மணி நேரம் எனக்கு மிஞ்சுகிறது. வீட்டில் எண்பது வயது மாமியார் இருக்கிறார். அந்த ஒன்றரை மணி நேரத்துக்குத்தான் இந்தக் காசு.

சிட்டம்பட்டி டோல் இன்னொரு செலவு. 2025 ஆகஸ்ட் 15 முதல் ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் வந்திருக்கிறது. வந்தபோது விலை 3,000 ரூபாய். 200 முறை கடக்கலாம், அல்லது ஒரு வருஷம், எது முதலில் முடிகிறதோ அது. அந்த விலையில் முறைக்கு 15 ரூபாய்தான் ஆனது, நல்ல திட்டம். ஆனால் போவது ஒன்று, வருவது ஒன்று என்று எண்ணுவதால் தினமும் போய்வருகிறவருக்கு நூறு வேலை நாளில் தீர்ந்துவிடும். பள்ளி ஆண்டுக்கு இரண்டு பாஸுக்கு மேல் தேவைப்படும். டோலிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் வீடு இருப்பவர்களுக்கு உள்ளூர் மாதப் பாஸ் தனியாக உண்டு, முதலில் அதைக் கேளுங்கள். கே.கே. நகரில் என்னோடு ஏறிக்கொள்ளும் இரண்டு டீச்சர்களும், "டோல் எங்க பொறுப்புக்கா" என்று சொல்லிவிட்டார்கள். அந்த வகையில் எனக்கு நிம்மதி.

சர்வீஸ் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை. இதுவரை ஆயில், ஃபில்டர், வைப்பர் ரப்பர் தவிர எதுவும் மாற்றவில்லை. மேலூரில் சாதாரண ஒர்க்ஷாப்பில்கூட இந்த வண்டியின் சாமான் கிடைக்கும் என்பது தினம் ஓட்டுகிறவருக்குப் பெரிய தைரியம்.

உள்ளே இடம் தாராளம். முன் சீட்டில் உயரமானவர் உட்கார்ந்தாலும் தலை இடிக்காது. பின்னால் இரண்டு பேருக்குச் சுகம், மூன்று பேர் என்றால் தோள் இடிக்கும். பின் சீட்டுக்குத் தனி ஏசி துவாரம் கிடையாது. டிக்கி 313 லிட்டர். சாயங்காலம் மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் ஒரு வாரத்துக்கு வாங்கிப் போட்டும் இடம் இருக்கும். ஆனால் டிக்கியின் வாய் உயரமாக இருப்பதால் அரிசி மூட்டையைத் தூக்கித்தான் இறக்க வேண்டும்.

எனக்குப் பிடிக்காதவை: முன் ஜன்னல் சுவிட்ச் கதவில் இல்லை, டாஷ்போர்டின் நடுவில் இருக்கிறது. டோலில் ஊழியரிடம் பேச வேண்டியிருந்தால் கை கதவுக்குப் போய்த் திரும்பி வரும். நின்றிருக்கும்போது மூன்று சிலிண்டரின் அதிர்வு ஸ்டியரிங்கில் தெரிகிறது. ஹைவேயில் டயர் சத்தம் உள்ளே நன்றாகக் கேட்கிறது. வண்டியின் எடை 800 கிலோவுக்குச் சற்று மேல்தான், ஆம்னி பஸ் வேகமாகக் கடந்து போனால் ஓர் ஆட்டு ஆட்டிவிடும். ஆடிக் காற்றில் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கட்டும்.

பாதுகாப்பைப் பற்றிப் பூசி மெழுக மாட்டேன். 2016இல் குளோபல் என்கேப் என்ற கார் பாதுகாப்புச் சோதனை அமைப்பு மோதவிட்டுப் பார்த்தபோது, ஏர்பேக் இல்லாத பழைய செலேரியோவுக்குப் பூஜ்ய நட்சத்திரம். இப்போதைய செலேரியோவைப் போலவே மாருதியின் ஹார்டெக்ட் என்ற அடித்தளத்தில் வரும் வேகன்ஆருக்கு 2023இல் ஒரே ஒரு நட்சத்திரம். நான் வாங்கிய காலத்தில் செலேரியோவில் இரண்டு ஏர்பேக்தான். 2025 தொடக்கத்திலிருந்து எல்லா மாடலிலும் ஆறு வருகிறது. அதனால் பழையதை வாங்குவதை விட, கொஞ்சம் காத்திருந்தாவது ஆறு ஏர்பேக் உள்ளதை வாங்குங்கள் என்பேன். பின் சீட்டில் உட்கார்கிறவரும் பெல்ட் போட்டால்தான் என் வண்டி கிளம்பும். தினமும் நெடுந்தூரம் ஹைவேயிலேயே போகிறவர், நூறுக்கு மேல் ஓட்டும் பழக்கம் உள்ளவர், இந்த வண்டியை எடுக்க வேண்டாம். 2020இல் நாலு நட்சத்திரம் வாங்கிய டாடா டியாகோவைப் போய்ப் பாருங்கள். மைலேஜில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் பரவாயில்லை.

சிஎன்ஜி எடுக்கலாமா என்று கேட்கிறார்கள். செலேரியோ சிஎன்ஜி மேனுவல் கியரில் மட்டும்தான் வருகிறது, டிக்கியை சிலிண்டர் எடுத்துக்கொள்ளும். கால் வலி இல்லாதவர், போகும் வழியிலேயே சிஎன்ஜி பங்க் இருப்பவர், தாராளமாக எடுக்கலாம். எனக்கு ஏஜிஎஸ்ஸுக்காக மேனுவலை விட ஐம்பதாயிரத்துக்கு மேல் கூடுதலாக ஆனது. அதில் ஒரு ரூபாய்கூட வீண் இல்லை.

வாங்கும் நாளில் பில்லை வரிவரியாகப் படியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது, ஆரம்ப மாடலின் ஷோரூம் விலை அப்போது 5 லட்சத்துக்குக் கீழே வந்தது. அதன் மேல் தமிழ்நாட்டில் சாலை வரி 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 லட்சம் முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம். இன்ஷூரன்ஸை ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை, வெளியே இரண்டு இடத்தில் விலை கேட்டுவிட்டுப் போங்கள். அடியில் கோட்டிங், மேலே கோட்டிங் என்று பட்டியலில் தானாகச் சேர்ந்து வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். டெஸ்ட் டிரைவுக்கு ஞாயிறு காலையில் காலி ரோட்டில் அழைத்துப் போக ஒத்துக்கொள்ளாதீர்கள். வேலை நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு, உங்கள் ஊரில் நெரிசல் அதிகமான மேம்பாலத்தில் ஏறி இறங்கிவிட்டு முடிவு செய்யுங்கள்.