பிளக்கில் செருகும் 'பவர் சேவர்' பெட்டி: டாங் டெஸ்டரில் குறைகிறது, பில்லில் குறையவில்லை

வாங்காதீர்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதியில் மூடிவிட்டுப் போகிறவர்களுக்கும் இது போய்ச் சேரட்டும்.

கோவில்பட்டியில் வயரிங் வேலை பார்க்கிறேன். எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி இரண்டு பெட்டி வாங்கி, ஒன்றைக் கடையிலும் ஒன்றை வீட்டிலும் செருகி வைத்திருந்தார். இரண்டும் சேர்த்து 1,200 ரூபாய். கரண்ட் பில் முப்பது, நாற்பது சதவீதம் குறையும் என்று அட்டையில் போட்டிருக்கிறது. கம்பெனி பெயர் எதற்கு, இதே பெட்டி பத்துப் பெயரில் விற்கிறது. பச்சை விளக்கு எரியும் வெள்ளை பிளாஸ்டிக் டப்பா, உங்களுக்கே தெரியும்.

அண்ணாச்சி அனுமதியோடு ஒன்றைத் திறந்தேன். உள்ளே 4 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் (மின்சாரத்தைச் சேர்த்துவைத்துத் திருப்பி விடும் பாகம்) ஒன்று, எல்.இ.டி. எரிய ஒரு சின்ன போர்டு. வேறு எதுவும் இல்லை.

விற்க வந்த பையன் காட்டிய சோதனை பொய் இல்லை. அதனால்தான் இவ்வளவு பேர் நம்புகிறார்கள். பழைய செம்பு சோக் போட்ட 36 வாட் டியூப்லைட்டை எரியவிட்டு, ஒயரில் டாங் டெஸ்டரை (ஒயரைக் கவ்விப் பிடித்து, அதில் ஓடும் ஆம்பியரைக் காட்டும் கருவி) மாட்டினால் 0.43 ஆம்பியர் காட்டும். பெட்டியைச் செருகினால் 0.23க்கு இறங்கிவிடும். "தம்பி, எங் கண்ணு முன்னால பாதியா இறங்குச்சே, பில்லும் பாதி வரணும்லா?" என்று அண்ணாச்சி கேட்டார். நியாயமான கேள்வி.

ஆனால் வீட்டு மீட்டர் ஆம்பியரை எண்ணுவதில்லை, வாட்டைத்தான் எண்ணுகிறது. 0.43 ஆம்பியரை 230 வோல்ட்டால் பெருக்கினால் கிட்டத்தட்ட 99 வருகிறது. அந்த டியூப்லைட்டோ சோக்கில் சூடாவதையும் சேர்த்து 50 வாட்தான் தின்கிறது. மீதி கரண்ட், சோக்குக்குள் காந்தப்புலம் உண்டாக்கப் போய், அந்தப் புலம் அடங்கும்போது அப்படியே லைனுக்குத் திரும்பிவிடுகிறது. நொடிக்கு நூறு தடவை போவதும் வருவதுமாக இருக்கும். போனது திரும்பி வந்துவிடுவதால் மீட்டர் அதை யூனிட்டில் சேர்ப்பதில்லை. 50க்கு 99 என்ற இந்த விகிதத்தைத்தான் பவர் ஃபேக்டர் என்கிறோம். இங்கே அது பாதிதான். கெபாசிட்டர் அந்தப் போக்குவரத்தைத் தன் பக்கத்திலேயே முடித்துக்கொள்கிறது, அதனால் லைனில் ஆம்பியர் குறைகிறது. 50 வாட் 50 வாட்டாகவே இருக்கிறது.

டாங் டெஸ்டர் இல்லாதவர்களும் இதைப் பார்க்கலாம். மீட்டரில் விட்டு விட்டு மின்னும் சிவப்பு விளக்கு இருக்கும். பக்கத்தில் 3200 இம்ப்/கேடபிள்யூஹெச் என்பதுபோல் ஒரு எண் அச்சிட்டிருக்கும். 3200 தடவை மின்னினால் ஒரு யூனிட் என்று பொருள். அண்ணாச்சி வீட்டில் ஃப்ரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அந்த ஒரு டியூப்லைட்டை மட்டும் எரியவிட்டோம். 22, 23 விநாடிக்கு ஒரு மின்னல். பெட்டியைச் செருகினோம், அதே 22, 23 விநாடி. அவரே கையில் கடிகாரத்தை வைத்து எண்ணினார், நான் எதுவும் சொல்லவில்லை.

பிறகு டியூப்லைட்டையும் அணைத்துவிட்டுப் பெட்டியை மட்டும் விட்டுவைத்தோம். டாங் டெஸ்டரில் 0.28 ஆம்பியர்! எதுவும் ஓடாத வீட்டில் இந்தப் பெட்டியே கரண்டை ஓட வைக்கிறது. இன்றைக்குப் பெரும்பாலான வீட்டில் எல்.இ.டி. பல்புதான். அங்கே இதைச் செருகினால் லைனில் ஆம்பியர் குறையாது, கூடத்தான் செய்யும்.

ஆம்பியர் குறைந்தால் ஒயர் சூடாவது குறையுமே என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். குறையும்தான். ஆனால் ஒரு டியூப்லைட் ஓடும் ஒயரில் அது ஒரு வாட்டுக்கும் கீழே.

"எனக்கு பில் குறைஞ்சிச்சே" என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். எந்த மாதம் வாங்கினீர்கள் என்று கேட்டுப் பார்த்தால், வைகாசியில் வாங்கியிருப்பார்கள், மார்கழி பில்லைக் காட்டுவார்கள். ஃபேன் ஓடாத மாதத்தில் பில் குறைந்ததற்குப் பெட்டியா காரணம்?

கெபாசிட்டரை நான் குறை சொல்லவில்லை. மில்லில் பெரிய பெரிய மோட்டார் ஓடும், அவர்கள் வாங்கும் ஹெச்.டி. (உயர் அழுத்த மின்சாரம்) இணைப்புக்கு டிமாண்ட் கட்டணமே கேவிஏ கணக்கில்தான், அதாவது வாட்டை வைத்து இல்லை, வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருகிற கணக்கில். பவர் ஃபேக்டர் இறங்கினால் தனியாகப் பணம் கட்ட வேண்டும். அவர்களுக்குக் கெபாசிட்டர் பேனல் உண்மையிலேயே காசு மிச்சம் பண்ணுகிறது. வீட்டு இணைப்பில் அப்படி ஒரு கட்டணமே இல்லை. இல்லாத செலவை எப்படிக் குறைப்பது?

அந்த 1,200 ரூபாயை அண்ணாச்சி வேறு விதத்தில் போட்டிருக்கலாம். 50 வாட் டியூப்லைட்டை 20 வாட் எல்.இ.டி.யாக மாற்றினால், தினம் ஆறு மணி நேரம் எரிகிற இடத்தில் இரண்டு மாதத்துக்கு 10 யூனிட்டுக்கு மேல் மிச்சம். இன்னும் கொஞ்சம் காசு சேர்த்து, 75 வாட் ஃபேனைக் கழற்றிவிட்டு குறைந்த கரண்டில் ஓடும் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் மாட்டினால், தினம் 12 மணி நேர ஓட்டத்தில் 32 யூனிட். 10 யூனிட்தானே என்று விடக் கூடாது. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் கட்டணப்படி இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்றால் 1,725 ரூபாய், 510 யூனிட்டுக்கு 2,030 ரூபாய். 500ஐத் தாண்டியதும் மொத்தக் கணக்கும் வேறு படிக்கட்டுக்குப் போய்விடுவதால்தான் அந்த 305 ரூபாய் வித்தியாசம். அதன் பிறகு யூனிட் விலை இன்னும் ஏறியிருக்கிறது. வாங்கும் சம்பளத்தில் எண்ணி எண்ணிச் செலவு செய்கிற வீட்டில்தான் இந்தப் பெட்டியை நம்பி வாங்குகிறார்கள், அதுதான் எனக்கு ஆற்றாமை.

இன்னொரு விஷயம், இது கட்டாயம் தெரிய வேண்டியது. நான் திறந்த பெட்டியில் கெபாசிட்டரின் சார்ஜை இறக்கிவிடும் ரெசிஸ்டர் இல்லை. பிளக்கிலிருந்து உருவிய கையோடு பின்னைத் தொட்டால் ஷாக் அடிக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இல்லை. ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் சுவிட்சை அணைத்துவிட்டு, பிளாஸ்டிக் பகுதியைப் பிடித்துக் கழற்றுங்கள். உலோகப் பின்கள் இருக்கும் பக்கம் கை போகக் கூடாது. விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கிறது என்று பிள்ளைகள் கையில் கொடுத்துவிடாதீர்கள்.