பாரம் இறங்காத வண்டிக்கு எந்த சஸ்பென்ஷன்?

கூடாரம், தண்ணீர், ஃப்ரிட்ஜ், இரண்டாவது ஸ்டெப்னி எல்லாம் ஏற்றியதும் பின்பக்கம் உட்கார்ந்து, மூக்கைத் தூக்கி நிற்கும் பிக்கப்பைப் பார்த்தால் பலரும் உடனே சொல்வது: "ரெண்டு இன்ச் லிஃப்ட் கிட் (வண்டியை உயர்த்தும் பாகங்கள்) போடுங்க." வாங்குபவர் பணத்தை இழப்பது பெரும்பாலும் இங்கேதான். உயரத்தை வைத்து ஸ்பிரிங் எடுக்கக் கூடாது. வண்டியை விட்டு எப்போதுமே இறங்காத எடை எவ்வளவோ, அதை வைத்துத்தான் எடுக்க வேண்டும். சந்தையில் கிடைக்கும் பட்டை (அடுக்கிய தகட்டு ஸ்பிரிங்), காயில் (சுருள் ஸ்பிரிங்), ஷாக் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் எண்ணெய்க் குழாய்), ஏர் பேக் (ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றடைக்கும் ரப்பர் பை) எல்லாவற்றையும் இந்த ஒரே அளவுகோலில்தான் இங்கே எடைபோடுகிறோம்.

முதலில் எடை மேடை. டேங்க் நிரப்பி, தண்ணீர் நிரப்பி, பயணத்தில் வருபவர்கள் உள்ளே உட்கார்ந்தபடி மூன்று எடை எடுங்கள்: முன் ஆக்சில் (சக்கர அச்சு) தனி, பின் ஆக்சில் தனி, மொத்தம். கதவோரம் ஒட்டியிருக்கும் தகட்டில் உள்ள ஆக்சில் வரம்புகளோடு ஒப்பிடுங்கள். மொத்த எடை வரம்புக்குள் இருந்தும் பின் ஆக்சில் மட்டும் வரம்பைத் தாண்டியிருப்பது சாதாரணமாக நடப்பது. காரணம் எளிது. வீல்பேஸ் (இரண்டு ஆக்சிலுக்கும் இடையிலான தூரம்) 3.1 மீட்டர் உள்ள வண்டியில், பின் ஆக்சிலுக்கு 1.2 மீட்டர் பின்னால் 100 கிலோவைத் தொங்கவிட்டால் பின் ஆக்சிலில் ஏறுவது 100 அல்ல, சுமார் 139 கிலோ. அந்த 39 கிலோ முன் ஆக்சிலிலிருந்து குறைகிறது. ஸ்டியரிங் லேசாவதும், முன் சக்கரம் பிடிப்பை இழப்பதும் இதனால்தான். தண்ணீர் லிட்டருக்கு 1 கிலோ, டீசல் சுமார் 0.84 கிலோ. 60 லிட்டர் தண்ணீரை, சாமான் ஏற்றும் பின் பெட்டின் கடைசியிலிருந்து கேபினை ஒட்டிக் கொண்டுவருவது செலவில்லாத சஸ்பென்ஷன் மேம்பாடு. அதைச் செய்யாமல் எந்த ஸ்பிரிங்கும் வாங்க வேண்டாம். வரம்பைத் தாண்டிய எடைக்கு ஸ்பிரிங் தீர்வும் அல்ல. ஆக்சில், பேரிங், பிரேக், சேஸிஸ் (அடிச்சட்டம்) எல்லாம் பழைய வலுவில்தான் இருக்கின்றன.

அடுத்தது ஒரு டேப். சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே ஃபெண்டர் விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து எழுதி வையுங்கள். காலி வண்டியில் ஒருமுறை, முழு பாரத்தோடு ஒருமுறை. பின் ஆக்சிலில் 200 கிலோ ஏறியதும் பின்பக்கம் 40 மில்லிமீட்டர் இறங்குகிறது என்று வையுங்கள். பக்கத்துக்கு 100 கிலோ, அதாவது மில்லிமீட்டருக்கு 2.5 கிலோ. உங்கள் ஸ்பிரிங்கின் விறைப்பு தோராயமாக அதுதான். நிரந்தர பாரம் 400 கிலோ என்றால் 80 மில்லிமீட்டர் இறங்கும். பல பிக்கப்களில் அது பம்ப் ஸ்டாப்பை (ஆக்சில் சேஸிஸில் இடிக்காமல் தடுக்கும் ரப்பர் முட்டை) தொட்டுவிடும் தூரம். இந்தக் கணக்கு கையில் இருந்தால் விற்பவரிடம் பேசும் பேச்சே மாறிவிடும். "எத்தனை இன்ச் தூக்கும்?" என்பதை விட்டுவிட்டு, "நிரந்தரமா 400 கிலோ இருக்கு, அதோட வண்டி எந்த உயரத்துல நிக்கும்?" என்று கேட்பீர்கள்.

இறங்கிய பின்பக்கத்தைத் தூக்க இரண்டு வழி உண்டு. ஒன்று பட்டைக்கு வளைவைக் கூட்டுவது, மற்றது விறைப்பைக் கூட்டுவது. வளைவை மட்டும் கூட்டிய பட்டை கடையிலிருந்து வரும்போது கம்பீரமாக நிற்கும். ஆனால் தன் இயல்பு நிலையிலிருந்து பழையதைவிட அதிக தூரம் மடங்க வேண்டியிருப்பதால் உலோகத்தில் அழுத்தம் ஏறி, சீக்கிரம் தொய்ந்துவிடும். விறைப்பு பட்டையின் தடிமனைப் பொறுத்தது, அதுவும் மும்மடிப் பெருக்கமாக (தடிமன் × தடிமன் × தடிமன்). 6 மில்லிமீட்டர் பட்டையை 7 ஆக்கினால் அந்தப் பட்டையின் விறைப்பு சுமார் 59 சதவீதம் கூடுகிறது. 8 ஆக்கினால் 2.4 மடங்காகிறது. காயிலில் கம்பியின் விட்டம் நான்மடியாக வேலை செய்கிறது. அதனால் கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும் இரண்டு ஸ்பிரிங்கிடையே மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கலாம். எண்ணைக் கேட்டு வாங்குங்கள். "ஹெவி டியூட்டி" என்ற ஸ்டிக்கரை நம்பி வாங்காதீர்கள்.

ஓல்ட் மேன் ஈமு, டாபின்சன்ஸ், அயர்ன்மேன் போன்ற ஆஸ்திரேலிய நிறுவனங்களின் பட்டியலை நாங்கள் மதிப்பது இதற்காகத்தான். ஒரே வண்டிக்கு நிரந்தர பாரத்தின் அளவுப்படி வேறு வேறு ஸ்பிரிங் தருகிறார்கள். 400 கிலோவுக்கான பட்டையை வாரநாளில் காலியாக ஓடும் வண்டியில் போட்டால் பின்பக்கம் கல்லாக இருக்கும், ஈரச் சாலையில் துள்ளி வழுக்கும். பாரம் ஏறி இறங்கும் வண்டியா? நடுத்தரப் பட்டையோடு, அடியில் கனமான ஹெல்பர் (துணை) பட்டை உள்ள பட்டை அடுக்கை எடுங்கள். பாரம் வந்தால்தான் ஹெல்பர் தொடும். இரண்டாம் பட்டை முதல் பட்டையின் கண்ணை (நுனியில் போல்ட் நுழையும் வளையத்தை) சுற்றி வளைந்திருக்கும் வகை கிடைத்தால் அதற்கே முதலிடம். முதல் பட்டை கண்ணருகே உடைந்தாலும் ஆக்சில் இடம்விட்டு ஓடாது, வண்டி மெல்ல ஊர் வந்து சேரும். ஏற்கெனவே உள்ள பழைய பட்டை அடுக்கில் ஒரு குட்டைப் பட்டையைச் சொருகும் மலிவு வழியை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அதன் நுனி மேல் பட்டையை ஒரே கோட்டில் அழுத்துகிறது. உடைவது அந்தக் கோட்டில்தான்.

ஏர் பேக் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். வாங்க எளிது, பூட்ட அரை நாள், பம்ப் அடித்ததும் வண்டி நிமிர்ந்துவிடும். ஆனால் பாரம் எந்த வழியாக இறங்குகிறது என்று பாருங்கள். பட்டை, சேஸிஸை முன் கண்ணிலும் பின் ஷாக்கிளிலும் (பட்டையின் பின்முனையைச் சேஸிஸோடு இணைக்கும் அசையும் துண்டு), இரண்டு இடத்தில் தாங்குகிறது. பட்டைக்கு மேல் வைத்த பேக் அந்த இரண்டுக்கும் நடுவில், ஆக்சிலுக்கு நேர் மேலே, ஒரே இடத்தில் தள்ளுகிறது. ஆக்சிலுக்குப் பின்னால் கூடாரம், கேரியர், இழுவைப் பந்து என்று கனம் தொங்க, சேஸிஸ் அந்தப் புள்ளியில் முட்டுக்கொடுத்த மூங்கில்போல் வளையப் பார்க்கிறது. இரட்டை கேபின் பிக்கப்களில் கேபினுக்கும் பெட்டுக்கும் இடையிலான சந்து மேலே திறந்து கீழே நெருங்கியிருந்தால், வளைவு வந்துவிட்டது என்று பொருள். அதிக அழுத்தத்தில் பேக்கை வைத்து, மேடுபள்ளத்தில் வேகமாகப் போவதுதான் இதற்கு முதல் காரணம். ஃபயர்ஸ்டோன் ரைடு ரைட் வகை 5 முதல் 100 பிஎஸ்ஐ வரை ஏற்கும். ஏற்கும் என்பதற்காக 80 வைக்க வேண்டியதில்லை. பாரத்துக்குப் பொருந்திய பட்டையைப் போட்டுவிட்டு, இடது வலது சாய்வைச் சரிசெய்யவும் எப்போதாவது டிரெய்லர் இழுக்கவும் குறைந்த காற்றில் பயன்படுத்தினால் பேக் நல்ல துணை. காயிலுக்குள் நுழையும் காயில் ரைட் வகையில் இந்த ஆபத்து குறைவு. காயில் பாரத்தை இறக்கும் அதே இடத்தில்தான் பேக்கும் இறக்குகிறது. அதன் வரம்பு 5 முதல் 35 பிஎஸ்ஐ. இரண்டிலும் 5-க்குக் கீழே விட்டால் ரப்பர் மடிந்து கிள்ளுப்பட்டுக் கிழியும்.

டிம்ப்ரென் வகை உள்ளீடற்ற ரப்பர் ஸ்டாப், அசல் பம்ப் ஸ்டாப்பின் இடத்தில் உட்காரும். காற்றும் குழாயும் இல்லை. அமுங்க அமுங்க விறைப்பு ஏறும். திடீர்ப் பள்ளத்தில் இரும்போடு இரும்பு இடிக்காமல் காப்பதற்கு அருமையான பொருள். ஆனால் தொய்ந்த ஸ்பிரிங்குக்கு மாற்று அல்ல.

பணத்தை எங்கே அதிகம் போடுவது என்று கேட்டால் ஷாக்கில் என்போம். ஸ்பிரிங் 40 சதவீதம் விறைத்து, அதன் மேல் நிற்கும் எடை 30 சதவீதம் ஏறினால், ஆட்டம் முன்போலவே அடங்க ஷாக்கின் பலம் சுமார் 35 சதவீதம் கூட வேண்டும். பழைய ஷாக்கையே விட்டுவைத்தால் வண்டி படகுபோல் ஆடும். அலையலையாய் விழுந்த மண் சாலையில் ஒரு மணி நேரம் போனால் எண்ணெய் கொதித்து, நுரைத்து, ஷாக் வெறும் குழாயாகிவிடும். இறங்கி அகச்சிவப்பு வெப்பமானியால் நான்கையும் பாருங்கள். ஜோடியில் ஒன்று சூடாகவும் மற்றது ஆறியும் இருந்தால், பழுதானது ஆறியதுதான். வேலை செய்யும் ஷாக்தான் சூடாகும். டயர் காற்றைக் குறைத்து, வேகத்தைக் குறைப்பது எந்த ஷாக்கின் ஆயுளையும் கூட்டும்.

பில்ஸ்டீன் 5100 ஒற்றைக்குழாய் வகை. 46 மில்லிமீட்டர் பிஸ்டன், உயர் அழுத்த வாயு. வெப்பத்தை வெளியே விடுவதில் சிறந்தது. பலவீனம் ஒன்று: பிஸ்டன் வெளிச்சுவரிலேயே உராய்வதால், கல் பட்டு ஒரு குழி விழுந்தால் சிக்கிக்கொள்ளும். ஓல்ட் மேன் ஈமு நைட்ரோசார்ஜர் இரட்டைக்குழாய். குழி விழுந்தாலும் ஓடும், ஆனால் நீண்ட கொதிப்பில் முன்னதாகத் தளரும். டஃப் டாக் ஃபோம் செல் வகையில் வாயுவுக்குப் பதில் நுரைப்பொருள் இருப்பதால் எண்ணெயில் குமிழி கலப்பதில்லை. கோனி ரெய்டு பெரிய உடம்பும் அதிக எண்ணெயும் கொண்டது. கனமான வண்டி, மெதுவான வேகம், நாள்கணக்கில் கரடுமுரடு என்றால் எங்கள் தேர்வு அதுவே. ஓல்ட் மேன் ஈமுவின் பிபி-51 ஷாக்கில் 51 மில்லிமீட்டர் குழல், அமுக்கத்தையும் மீட்சியையும் தனித்தனியே திருகி மாற்றலாம். எடை மாறிக்கொண்டே இருப்பவருக்குப் பயன்படும். ஆனால் சீலுக்குப் பராமரிப்பு தேவை. பணிமனையே இல்லாத பாதையில் மாதக்கணக்கில் போகிறவர், மாற்றுக்கு ஒரு ஜோடி எளிய ஷாக் கொண்டுபோவது மேல்.

முன்பக்கத்தில் சுருக்கமாக: இரும்பு பம்பரும் வின்ச்சும் (வண்டியை இழுத்து மீட்கும் கம்பிவட உருளை) சேர்ந்து 100 கிலோவை நெருங்கும், அதற்கேற்ற காயில் வேண்டும். இரண்டு முன் சக்கரமும் தனித்தனியே அசையும் சஸ்பென்ஷனில் 50 மில்லிமீட்டருக்கு மேல் தூக்கினால் அச்சு மூட்டுகளின் கோணம் கூடி ரப்பர் உறை கிழியும், சக்கரத்தை மேலே பிடித்திருக்கும் கையையும் மாற்ற வேண்டிவரும். ஸ்ட்ரட் (காயிலும் ஷாக்கும் சேர்ந்த முன் தூண்) தலையில் வைக்கும் உலோக வளையத்தைத் தவிருங்கள். உயரம் வரும், தாங்கும் பலம் வராது.

பூட்டும்போது கவனிக்க வேண்டியவை. பட்டையை ஆக்சிலோடு கட்டும் யு போல்ட் ஒருமுறை இறுக்கியதும் நீண்டுவிடும்; பழையதைத் திரும்பப் போடாதீர்கள். நான்கு நட்டையும் குறுக்கு வரிசையில், படிப்படியாக, டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்கி, 500 கிலோமீட்டரில் மறுபடி இறுக்குங்கள். தளர்ந்த யு போல்ட்தான், பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டை அறுக்கிறது. பிறகு ஆக்சில் ஒருபக்கம் பின்வாங்கி வண்டி நண்டுபோல் கோணலாக ஓடும். ரப்பர் புஷ் (போல்ட்டைச் சுற்றிய ரப்பர் உருளை) உள்ள போல்ட்டுகளை வண்டி சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால் புஷ் எப்போதும் முறுகிய நிலையிலேயே இருந்து சில மாதத்தில் கிழியும்.

பலரும் தவறவிடும் ஒரு சின்னக் கம்பி உண்டு. ஹைலக்ஸ் உட்படப் பல பழைய பிக்கப்களில், பின் ஆக்சிலிலிருந்து சேஸிஸில் உள்ள ஒரு பிரேக் வால்வுக்குப் போகும். பின்பக்கம் இறங்கினால் பாரம் இருக்கிறது என்று அறிந்து பின் பிரேக்குக்கு அழுத்தம் கூட்டும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டு இதைச் சரிசெய்யாமல் விட்டால், நிறைபாரத்தில் இருக்கும் வண்டியை அந்த வால்வு காலி என்று நினைத்து பின் பிரேக்கைக் குறைத்துவிடும். பூட்டிய அன்றே அதன் பிராக்கெட்டைச் சரிசெய்யச் சொல்லுங்கள். பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் சக்கரம் முழுதாய்த் தொங்கும்போது இழுபடுகிறதா என்று பார்த்து, அலைன்மென்ட் எடுத்து, விளக்கின் குறியைத் தாழ்த்துங்கள். ஆயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு டேப்பை எடுத்து நான்கு மூலையையும் மறுபடி அளங்கள். புதுப் பட்டை சில மில்லிமீட்டர் இறங்குவது இயல்பு. ஒரு மூலை மட்டும் தொடர்ந்து இறங்கினால் அந்தப் பட்டை அடுக்கைக் கழற்றி, சென்டர் போல்ட் துளையைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.