சில்லுத் தடையும் காலியத் தடையும்: எது வலுவானது?

சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட் ஒருகாலத்தில் மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இறங்கியதைச் சேலத்துக்காரர்கள் பலர் அறிவர். பாக்சைட்டை அலுமினாவாகச் சுத்திகரிக்கும் காரக் கரைசலில்தான் சில வகைச் சில்லுகள் செய்ய உதவும் காலியம் என்னும் உலோகமும் மிகச் சிறு அளவில் கரைந்து வருகிறது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

2022 அக்டோபரில் அமெரிக்கா, உயர்திறன் கணினிச் சில்லுகளும் (சிப்) அவற்றைச் செய்யும் இயந்திரங்களும் சீனாவுக்குச் செல்வதைக் கட்டுப்படுத்தியது. சீனாவோ 2023 ஆகஸ்ட் 1 முதல் காலியம், ஜெர்மானியம் ஏற்றுமதிக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. 2024 டிசம்பரில் அமெரிக்காவுக்கு அனுப்புவதையே தடைசெய்து, 2025 நவம்பரில் அத்தடையை நிறுத்திவைத்தது.

சீனத் தடை உடனே வலிக்கும். முதனிலைக் காலியத்தில் (மறுசுழற்சியில் அல்லாமல் புதிதாகப் பிரித்தெடுப்பதில்) 90 விழுக்காட்டுக்கும் மேல் அங்கிருந்தே வருகிறது. ஆனால் இந்த ஆதிக்கம் தாதுவின் அருமையால் வந்ததன்று. சீன விலைக்குக் கட்டுப்படியாகாமல் பிற நாட்டு ஆலைகள் உற்பத்தியை நிறுத்தியதால் வந்தது. விலை ஏறி, அரசும் கைகொடுத்தால், பெரிய அலுமினா ஆலை உள்ள நாடு சில ஆண்டுகளில் பிரித்தெடுக்கும் பிரிவை அமைத்துவிடலாம்.

அமெரிக்கத் தடை மெதுவாகத்தான் கடிக்கிறது, ஆனால் ஆழமாக. மிக நுண்ணிய சில்லுகளுக்கான அதீதப் புற ஊதா (EUV) அச்சு இயந்திரத்தை நெதர்லாந்தின் ஏ.எஸ்.எம்.எல். நிறுவனம் மட்டுமே விற்கிறது, அமெரிக்க அழுத்தத்தால் அது சீனாவுக்குக் கிடைப்பதில்லை. அந்த இயந்திரத்தின் ஆடிகள் ஜெர்மனியிலிருந்து வருகின்றன. பல நாடுகளின் பல்லாண்டு உழைப்பு ஒரே இயந்திரத்தில் கூடியிருப்பதால், பணம் இருந்தும் அதை ஒரு நாட்டுக்குள் மறுபடி உருவாக்குவது மிகக் கடினம். என் கணிப்பில் இதுவே வலுவான தடை.

காலியத்துக்காகச் சேர்வராயனை மீண்டும் வெட்டலாம் என்று எவரேனும் கிளம்பினால், தட்டுப்பாடு தாதுவில் இல்லை, பிரித்தெடுக்கும் ஆலையில்தான் என்பதை அவரிடம் சொல்ல வேண்டியிருக்கும்.